யாரைக் கேட்பது?

2001-ல் தரமணியில் நான் வேலைக்குச் சேர்ந்த புராஜெக்டில் பன்னிரண்டு பேர். மேனேஜர் அறைக்கு வெளியே ஒரு சார்ட் ஒட்டியிருக்கும். மேலே அவர், கீழே இரண்டு லீட், அதற்கும் கீழே நாங்கள். கடைசி வரிசையில் இருந்த டெஸ்டிங் அக்காதான் உண்மையில் அந்த புராஜெக்டை ஓட்டினார். எந்த டேபிளைத் தொட்டால் எந்த ரிப்போர்ட் படுத்துவிடும், கிளையன்ட் பக்கம் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும், டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ எந்த நேரத்தில் எரிந்து விழமாட்டார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"இந்த பில்லிங் புரோகிராம் யாருக்கா எழுதினது?" என்று கேட்டால் பேரை மட்டும் சொல்லி அனுப்பிவிட மாட்டார். "அவன் இப்ப ஆறாவது மாடில வேற புராஜெக்ட்ல இருக்கான். நாலு மணிக்கு டீக்கு இறங்குவான், வா" என்று கூட்டிக்கொண்டு போவார். டீக்கடையில் நின்றபடியே அந்த புரோகிராமை எழுதியவர் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். ராத்திரி வரும் ஃபைலில் கடைசி வரி காலியாக இருந்தால் புரோகிராம் நின்றுவிடுமாம். நான் தேவையில்லை என்று நீக்க இருந்த நாலு வரி கோட் அதற்காகத்தான் இருந்தது. எந்த டாக்குமென்ட்டிலும் அது கிடையாது.

எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1977-ல் வெளியிட்ட நூலில் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆய்வுக்கூடங்களில் வெளியிலிருந்து விஷயத்தைக் கொண்டுவந்து உள்ளே பரப்புகிறவர்கள் சிலரே. மற்றவர்கள் அவர்களைத்தான் தேடிப் போகிறார்கள். இரண்டு இஞ்சினியர்களின் இருக்கைகளுக்கு நடுவே ஏறக்குறைய 30 மீட்டர் இருந்தாலே வாரம் ஒருமுறை பேசுவதுகூட அபூர்வமாகிவிடுகிறது என்றும் அவர் கண்டார். ஆறாவது மாடி அதைவிடத் தூரம். அக்கா இல்லாவிட்டால் அந்த மனிதரை நான் பார்த்தே இருக்கமாட்டேன். அந்த வருட அப்ரைசலில் அக்காவுக்குக் கிடைத்தது 'ஆவரேஜ்'. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

இப்போது என் டீம் சென்னை, கோவை, புனே என்று சிதறிக் கிடக்கிறது. டீம்ஸ், ஜிரா, அது போதாதென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். யாருக்கு வேண்டுமானாலும் நொடியில் மெசேஜ் போடலாம். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரே எரரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். முந்நூறு பேர் இருக்கும் சேனலில் கேள்வியைப் போட்டாள். மூன்று பேர் கண் எமோஜி வைத்தார்கள், பதில் வரவில்லை. பதில் தெரிந்தவர் அவள் இருந்த அதே மாடியில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஆள் என்று அவளுக்குச் சொல்ல யாருமில்லை.

மைக்ரோசாஃப்டின் 61,000-க்கும் அதிகமான அமெரிக்க ஊழியர்களின் தொடர்புகளை ஆராய்ந்த கட்டுரை 2021-ல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வந்தது. 2020-ல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது ஒவ்வொரு குழுவும் தனக்குள்ளேயே முடங்கியது, குழுக்களுக்கு நடுவே இருந்த பாலங்கள் குறைந்தன என்கிறது அது. அதற்காக எல்லோரையும் ஆபீஸுக்கு இழுத்து வந்து ஸ்வைப் கணக்குப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பெண்ணும் ஆபீஸில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆளை ஆளிடம் கூட்டிக்கொண்டு போவது ஒரு வேலை. அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும், சம்பளத்திலும் அது தெரிய வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் நான் டிக்கெட் கொடுப்பதில்லை. வேறு டீம்களில் இருப்பவர்களிடம் அழைத்துப் போகிறேன். வெளியூர்க்காரர்கள் என்றால் வீடியோவில் உட்காரவைத்துப் பேசவிடுகிறேன். 'இந்த வருடம் உங்களுக்கு வழி காட்டியது யார்?' என்ற கேள்வியை அப்ரைசல் படிவத்தில் சேர்க்கச் சொல்லி எச்.ஆரோடு வாதாடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்கிறார்கள். அதுவரை, எங்கள் டீமில் கிடைக்கும் பெயர்களை நானே எழுதி இணைத்து அனுப்புகிறேன்.