பிழை யார் தலையில்?

கேள்வி: வாடிக்கையாளரின் பழைய சாஃப்ட்வேரிலிருந்து புதியதற்குத் தகவல்களை மாற்றிக் கொடுக்கும்போது 'பக்' முளைத்தால், பொறுப்பு யாருடையது?

பதில்: திட்டத்தின் துவக்க விழாவில் பொறுப்பாளர்கள் மேடை கொள்ளாமல் அமர்ந்திருப்பார்கள், பக் முளைத்த தினத்தில்தான் ஒருவரும் அகப்படமாட்டார்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் 1-1-1900 என்று பதிந்து வைத்த பழைய குமாஸ்தாவின் சாமர்த்தியத்தைப் புதிய புரோகிராம் சத்தியவாக்காக ஏற்று, அத்தனை பேருக்கும் நூற்றாண்டு விழா கொண்டாடிவிடுமானால், டேட்டாவே கோளாறு என்று கம்பெனியும், சோதியாமல் ஏற்றியது யார் என்று வாடிக்கையாளரும் வழக்காடுவதில் இருவருமே நியாயஸ்தர்கள்தாம். ஆகையால், பழைய ஸிஸ்டம் தரும் விடைகளை, அதன் பிழைகள் உட்பட, வேலை தொடங்குமுன்பே பதிவு செய்து, வாடிக்கையாளரின் கையொப்பத்தையும் பெற்று வைப்பது உத்தமம். பூர்வஜன்மப் பிழை எது, மாற்றத்தால் விளைந்தது எது என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில், சுமார் 50 லட்சம் பேரின் கணக்குகளை ஒரு வார இறுதிக்குள் புதிய ஸிஸ்டத்துக்கு மாற்றப் போய், லட்சக்கணக்கானோர் தம் பணத்தையே தொட இயலாமல் தவித்தார்கள். மாற்றியது அதன் தாய்க் குழுமத்தைச் சேர்ந்த கம்பெனி, 2022-இல் 4.865 கோடி பவுண்டு அபராதம் விழுந்ததோ வங்கியின் மீது. மறு வருஷம், அந்தக் கம்பெனி உண்மையில் ஆயத்தமா என்று போதிய அளவு துருவிப் பாராத குற்றத்துக்காக, வங்கியின் முன்னாள் தலைமைத் தகவல் அதிகாரிக்கும் 81,620 பவுண்டு அபராதம் விதித்தார்கள்.