லட்சம் வியூஸ், எத்தனை ரூபாய்?

கேள்வி: ஒரு லட்சம் வியூஸுக்கு யூடியூப் எவ்வளவு தரும்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். (கல்லூரி மாணவர், நாமக்கல்)

பதில்: பணம் தருவது விளம்பரதாரர். அதில் உங்களுக்கு ஒரு பங்கு. நீள வீடியோ என்றால் 55 சதவீதம், ஷார்ட்ஸ் என்றால் 45. எனவே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவதோடு நிற்காதீர்கள். பார்த்தவர் யார், அவரிடம் எதை விற்க யார் துடிக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டுக் கடனைப் பற்றிப் பேசினால் வங்கிகள் போட்டி போடும். இரண்டு நடிகர்களின் சண்டையைப் பேசினால் கூட்டம் வரும், போட்டி வராது. அதே வீடியோவை டொராண்டோவில் இருக்கும் தமிழர் பார்த்தால், நாமக்கல்லில் பார்ப்பவரைவிட அதிக விலைக்கு அந்த விளம்பர இடம் போகும். ஏனென்றால் அது ஏலத்தில் போகும் இடம். மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாள் மல்லிகைக்கு ஒரு விலை, ஆடி மாத மல்லிகைக்கு ஒரு விலை. இங்கும் தீபாவளிக்கு முன்னால் ஏறும், ஜனவரி பிறந்தால் இறங்கும்.

யூடியூப் ஸ்டூடியோவில் 'ஆர்பிஎம்' என்று ஒரு எண் இருக்கும். ஆயிரம் வியூஸுக்கு உங்கள் பங்காக நிற்கும் தொகை அது. சேனலுக்குச் சேனல், மாதத்துக்கு மாதம் மாறும். அடுத்தவர் ஆர்பிஎம்மை நம்பி பைக்குக்கு இ.எம்.ஐ. போட்டுவிடாதீர்கள், தம்பி.

கேள்வி: ஷார்ட்ஸில் 10 லட்சம் பேர் பார்த்தும் டீ, வடைக்குத்தான் காசு வந்தது. ஏமாற்றுகிறார்களா? (மொபைல் கடை வைத்திருப்பவர், விருதுநகர்)

பதில்: ஏமாற்று இல்லை, கணக்கே வேறு. நீள வீடியோவில் விளம்பரம் உங்கள் வீடியோவுக்குள்ளேயே வருகிறது. அந்தக் காசு உங்கள் பெயரில் எழுதப்படுகிறது. ஷார்ட்ஸில் ஒரு வீடியோவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வருகிறது. அது யார் கணக்கு? அதனால் மாதம் முழுக்க வந்ததை ஒரே குவியலாகச் சேர்க்கிறார்கள். பாட்டு உரிமைக்காரர்களுக்குப் போக வேண்டியதைக் கழிக்கிறார்கள். மிச்சத்தை நாடு வாரியாக, அவரவர் வியூஸுக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். அப்படி உங்களுக்கு ஒதுக்கியதில் 45 சதவீதம் உங்கள் கைக்கு. 2023 பிப்ரவரியிலிருந்து இந்த முறை. இந்தியாவில் ஷார்ட்ஸ் பார்ப்பவர் ஏராளம், விளம்பர விலை குறைவு. பங்கு சிறுத்துப் போகிறது.

ஷார்ட்ஸை விட்டுவிடச் சொல்லவில்லை. புது ஆட்களைக் கூட்டிவர அதைவிட நல்ல வழி இல்லை. வந்தவர் உட்கார்ந்து பார்க்க ஒரு நீள வீடியோ வைத்திருக்கிறீர்களா? 8 நிமிடத்தைத் தாண்டினால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். ஆனால் 3 நிமிட விஷயத்தை 8 நிமிடமாக இழுத்தீர்களானால், வந்தவர் வந்த வழியே போய்விடுவார்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சப்ஸ்க்ரைப் செய்து 1000-ஐ எட்டிவிட்டோம். இனி வருமானம்தானே? (கடலூர்)

பதில்: விளம்பர வருமானத்துக்கு 1000 சப்ஸ்க்ரைபரோடு, 12 மாதத்தில் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி வியூஸ். உங்கள் ஆயிரம் பேரும் ஆளுக்கு 4 மணி நேரம் உங்களைப் பார்ப்பார்களா? பட்டனை அமுக்கியதோடு அவர்கள் கடமை முடிந்தது. தவிர, இப்படிக் கைமாற்றாகச் சேர்ப்பது யூடியூப் விதிப்படி குற்றம். எண்ணிக்கையைக் கழிப்பார்கள், சேனலையே தூக்கவும் செய்வார்கள்.

கேள்வி: ஸ்டூடியோவில் பணம் காட்டுகிறது, வங்கிக்கு வரவில்லை. இரண்டு மாதமாக அழாத குறை. (தையல் சேனல் நடத்துபவர், ராஜபாளையம்)

பதில்: அழாதீர்கள் சகோதரி, உங்கள் தெரு தபால்காரரைப் பாருங்கள். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், பணம் அனுப்பும் கூகுள் ஆட்சென்ஸிலிருந்து ஒரு கடிதம் சாதாரணத் தபாலில் வரும். உள்ளே 6 இலக்க எண். அதை ஆட்சென்ஸ் பக்கத்தில் பதிந்தால்தான் முகவரி உறுதியாகும். உறுதியாகாமல் பணம் நகராது. சாதாரணத் தபால் என்பதால் யாரும் கையெழுத்து கேட்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் கேட்டில் செருகிவிட்டுப் போயிருப்பார்கள். நம் ஊரில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புது எண் என்று இரண்டு இருக்கும். தபால்காரருக்கு எது பழக்கமோ அதையும், பக்கத்து அடையாளத்தையும் முகவரியில் எழுதுங்கள். ஆட்சென்ஸ் கணக்கில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னே பின்னே போனால்கூடத் தலைவலி.

அதற்குப் பிறகு 100 டாலர் சேர வேண்டும். சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதம், 21 முதல் 26 தேதிக்குள் அனுப்புவார்கள். ஸ்டூடியோவில் தெரிவது உத்தேசக் கணக்கு. போலி வியூஸ், தவறான கிளிக் கழிந்து கடைசியில் கொஞ்சம் குறையும்.

அமெரிக்க வரிப் படிவம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்ததால் வரும் வருமானத்துக்கு அங்கே வரி பிடிப்பார்கள். படிவத்தில் இந்திய வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் அந்தப் பகுதிக்கு மட்டும் 15 சதவீதம். படிவமே தராவிட்டால் உங்கள் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை கைவைக்க முடியும். இன்றைக்கே நிரப்புங்கள்.

கேள்வி: இன்ஸ்டாவில் 40 ஆயிரம் ஃபாலோயர்ஸ். ஒரு ரூபாய்கூட வரவில்லையே? (ஈரோடு)

பதில்: இந்தியாவில் ரீல்ஸ் வியூஸுக்கு யூடியூப் போல விளம்பரப் பங்கு கிடையாது. இன்ஸ்டாவில் உங்களுக்குக் காசு தருவது கடைக்காரர். உங்கள் 40 ஆயிரத்தில் ஈரோட்டுக்காரர் எத்தனை பேர் என்று தெரியுமா? ஜவுளிக் கடைக்காரருக்கு அந்த எண்தான் வேண்டும். உள்ளூரில் 5 ஆயிரம் பேரை வைத்திருப்பவர், உலகம் முழுக்க 50 ஆயிரம் வைத்திருப்பவரைவிட அதிகம் கேட்டு வாங்க முடியும்.

காசுக்குப் பதில் சேலை தருகிறார்கள் என்றால் அதுவும் வருமானமே. ஒருவர் ஓர் ஆண்டில் தரும் பொருளின் மதிப்பு 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் இருக்கிறது. வீடியோ எடுத்துவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் இது பொருந்தாது.

கேள்வி: 'இது விளம்பரம்' என்று போட்டால் மதிப்பு போய்விடும், போடாதீர்கள் என்று கம்பெனிக்காரரே சொல்கிறார். என்ன செய்ய? (அழகுக் குறிப்பு சேனல், திருச்சி)

பதில்: அந்தக் கம்பெனியை விட்டுவிடுங்கள். உங்களை நம்புகிறவரிடம் மறைக்கச் சொல்கிறவர், நாளைக்கு அந்த கிரீமால் ஒருவர் முகம் வெந்தால் போனை எடுக்க மாட்டார். கமென்ட்டில் திட்டு வாங்குவது நீங்கள். சட்டமும் உங்களைத்தான் பிடிக்கும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றுகிறவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு, பிறகு 3 ஆண்டு வரை எந்த விளம்பரத்திலும் தோன்றத் தடையும் போடலாம். 2023 ஜனவரியில் மத்திய அரசு தெளிவாகவே சொல்லிவிட்டது: பணமோ பொருளோ இலவசப் பயணமோ வாங்கியிருந்தால் அறிவிக்க வேண்டும், பேசும் மொழியிலேயே, வீடியோவில் கண்ணுக்குத் தெரியும்படியும் காதில் விழும்படியும் அறிவிக்க வேண்டும். தமிழில் பேசிவிட்டு, கீழே பத்து ஹேஷ்டேக் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லை ஒளித்து வைத்தால் செல்லாது.

ஆன்லைன் ரம்மி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என்னை உறங்கவிடாத விஷயம். ஒரு காலத்தில் நம் தமிழ்ச் சேனல்களில் பாதி வீடியோ அந்த விளம்பரத்தோடுதான் ஆரம்பித்தது. சிரிக்க வைத்த முகம் சொன்னதே என்று நம்பி ஆடியவர்கள் சம்பளத்தை இழந்தார்கள், நகையை அடகு வைத்தார்கள், சிலர் உயிரை விட்டார்கள். ஒரு விளம்பரத்துக்கு மற்ற கம்பெனிகள் தருவதைப்போல் சில மடங்கு ஒருவர் தர முன்வந்தால், அந்தக் காசு யார் வீட்டிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். உங்கள் பார்வையாளர் வீட்டிலிருந்து. 2025-ல் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டையே தடை செய்துவிட்டது. விளம்பரம் செய்தாலே 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆனாலும் வேறு பெயரில், வெளிநாட்டு எண்ணிலிருந்து இன்னும் மெசேஜ் வரும். பதிலே போடாதீர்கள்.

கேள்வி: என் 5 வயது மகளின் சுட்டித்தனத்தை எல்லோரும் ரசிக்கிறார்கள். அவளை வைத்தே சேனல் நடத்தலாமா? (கோவை)

பதில்: நடத்துவதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள் அம்மா. முதலில் வருமானம். 2019-ல் குழந்தைகளின் தகவலைத் திரட்டியதற்காக அமெரிக்காவில் கூகுளுக்கும் யூடியூபுக்கும் 17 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதன் பிறகு, 2020 ஜனவரியிலிருந்து, குழந்தைகளுக்கான வீடியோவில் ஆளுக்கேற்ற விளம்பரம் கிடையாது, கமென்ட் கிடையாது. வருமானம் அடிபடும்.

இரண்டாவது, அந்தக் காசு யாருடையது? சினிமா, டிவியில் நடிக்கும் குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்தக் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று நம் நாட்டின் 2017 குழந்தைத் தொழிலாளர் விதிகள் சொல்கின்றன. பிரான்ஸ் 2020-லேயே யூடியூப் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 2024 ஜூலையிலிருந்து, பெற்றோரின் வீடியோவில் வரும் குழந்தைக்குப் பங்கு ஒதுக்கச் சொல்கிறது. நம் வீட்டு ஹாலுக்குள் வந்து பார்க்கும் அதிகாரி யாரும் இல்லை. அதனால்தான் இது முழுக்க உங்கள் மனசாட்சியின் பொறுப்பு. உழைப்பது அவள் என்றால் கணக்கும் அவள் பெயரில் இருக்கட்டும், 20 என்ன, முழுவதுமே.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அவள் அழுததை, அடம்பிடித்ததை, குளித்ததைப் போடாதீர்கள். பள்ளி பேட்ஜ், வீட்டு வாசல், வேன் நம்பர் தெரிய வேண்டாம். பதினைந்து வயதில் வகுப்புத் தோழி அந்த வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டும்போது, 'ஏம்மா போட்டே?' என்று கேட்பாள். இப்போதே 'இன்னைக்கு வேண்டாம்மா' என்று அவள் சொன்னால் கேமராவை மூடிவிடுங்கள்.

கேள்வி: வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய் என்று டெலிகிராமில் வந்தது. 150 ரூபாய் உண்மையிலேயே வந்துவிட்டது! (வேலூர்)

பதில்: அது தூண்டில் புழு. அடுத்தது 'ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு' என்று வரும். கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் இந்த வரியை முடிப்பதற்குள் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

கேள்வி: புதுக்கோட்டை வில்லேஜ் குக்கிங் சேனல் போல நாங்களும் ஆக முடியுமா? (விவசாயக் குடும்பம், தஞ்சாவூர்)

பதில்: 2018-ல் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் ஆரம்பித்தது, 2021-ல் ஒரு கோடி சப்ஸ்க்ரைபரைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல். அவர்கள் வீடியோவை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மசாலா அரைப்பது, அண்டா கொதிப்பது, முதியவர்கள் பந்தியில் சாப்பிடுவது எல்லாம் புரியும். தமிழ் தெரியாதவருக்கும் புரிந்ததால் உலகம் முழுக்கப் பார்த்தார்கள். ஆனால் அதே தலைப்பாகை, அதே அண்டா என்று நீங்களும் இறங்கினால், பார்ப்பவர் அசலுக்கே போய்விடுவார். தஞ்சாவூரில் நாற்றங்காலும் நடவும் அறுவடையும் இருக்கிறதே, அதை உங்களைவிட யார் நன்றாகக் காட்ட முடியும்?

கேள்வி: மாதம் 35 ஆயிரம் யூடியூபில் வருகிறது. வேலையை விட்டுவிடலாமா? (மெடிக்கல் ரெப், மதுரை)

பதில்: இப்போது வேண்டாம். 2020 ஜூன் 29-ம் தேதி டிக்டாக்குக்குத் தடை வந்தது. லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் மேடையே இல்லை. காப்புரிமை மீறியதாக மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் யூடியூப் சேனலும் போய்விடும். 'பாட்டு 10 விநாடிதான், தப்பில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒரு விதியே இல்லை. ஒரு தீபாவளியும் ஒரு ஜனவரியும் கடந்து, வருமானத்தில் பாதியாவது விளம்பரம் அல்லாத வழியில் வரட்டும், பிறகு ராஜினாமாவைப் பற்றிப் பேசலாம். இந்த 35 ஆயிரத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள்.

கேள்வி: வயது 67. ஊறுகாய் போடுவது ஒன்றுதான் தெரியும். பேத்தி போனில் எடுத்துப் போடுகிறேன் என்கிறாள். இதில் காசு வருமா? (கும்பகோணம்)

பதில்: விளம்பரத்தில் கொஞ்சம் வரும், ஊறுகாயில் நிறைய வரும் பாட்டி. உலகிலேயே அதிக சப்ஸ்க்ரைபர் உள்ள மிஸ்டர் பீஸ்ட்டே இன்று சாக்லேட் விற்றுத்தான் லாபம் பார்க்கிறார். பார்ப்பவர் கேட்டு வாங்கும் பொருள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள், ஆன்லைனிலேயே முடியும், பேத்தி பார்த்துக்கொள்வாள். பாட்டிலில் பதிவு எண்ணும் தயாரித்த தேதியும் ஒட்ட வேண்டும். வீடியோவில் உப்பின் அளவைக் கைக்கணக்காகச் சொல்லாமல் கிராமில் சொல்லுங்கள், வெளியூர்ப் பெண்கள் அதைத்தான் கமென்ட்டில் கேட்பார்கள். மாவடு மார்ச்சில் வந்துவிடும். அதற்குள் பதிவை முடித்துவிட்டு, முதல் வீடியோவை அதிலேயே ஆரம்பியுங்கள்.