சாவி கொடுத்தால் போதாது, சூட்சுமமும் சொல்லுங்கள்

கே: ஏ.ஐ. ஏஜென்ட்டுக்குத்தான் எல்லாம் தெரியுமே, மென்பொருள் கருவிக்கு விளக்கக் குறிப்பு எதற்கு?
(வாசகர், நாகல் நகர், திண்டுக்கல்)

ப: 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்ளலாம். அதில் பட்டன் வைத்த ஒரு ரகம் உண்டு. சரியான சாவி கையில் இருந்தாலும் பட்டனை அழுத்தத் தெரியாதவருக்கு அது திறக்காது. விற்பவர் ஒருமுறை அழுத்திக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. சொன்ன வேலையை மென்பொருள் கருவிகளை எடுத்துத் தானே முடித்துத்தரும் ஏஜென்ட்டுக்கு அப்படிக் காட்டித்தரப் பக்கத்தில் ஆளில்லை. எழுதிவைத்த குறிப்புதான் அதற்குக் கடைக்காரர், பட்டறைக்காரர் எல்லாம்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏ.ஐ.யைக் கருவிகளோடு இணைக்கும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் முறையில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதற்கு என்னென்ன தரவேண்டும் என்ற பட்டியல் ஆகியவை உண்டு. எந்தக் கருவியை எடுப்பது என்று ஏஜென்ட் முடிவுசெய்வது இவற்றைப் படித்துத்தான். ‘பில் தேடு’, ‘பில் எடு’ என இரண்டு கருவிகளை வைத்துவிட்டு வித்தியாசம் சொல்லாவிட்டால், பில் எண் கையிலிருக்கும்போதும் அது தேடக் கிளம்பிவிடும். எப்போது பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

கே: எத்தனை பக்கம் எழுத வேண்டும்?
(வாசகர், பழனி)

ப: பஞ்சாமிர்தத்தில் உப்புக்கு இடமில்லை; குறிப்பில் விளம்பரத்துக்கு இடமில்லை. அதை எடுத்துவிட்டால் பக்கம் தானே குறையும்.

கே: ஏஜென்ட் சொல்லும் காய்கறி விலையை நம்பலாமா?
(வியாபாரி, ஒட்டன்சத்திரம்)

ப: இது கேள்வி! மத்திய அரசின் அக்மார்க்நெட் இணையதளம், சந்தை விலையைக் குவிண்டாலுக்கு இத்தனை ரூபாய் என்று தருகிறது. அதே விவரம் அரசின் திறந்த தரவுச் சேவையில் நிரல்வழியாக ஏஜென்ட்டுக்கு வரும்போது, விலைப் பத்திகளின் பெயர் ‘மின் பிரைஸ்’, ‘மேக்ஸ் பிரைஸ்’, ‘மோடல் பிரைஸ்’. பெயரில் குவிண்டாலைக் காணோம். முருங்கைக்கு 3,000 என்றிருந்தால் ஒட்டன்சத்திரத்தில் சைக்கிளில் போகிறவர்கூடக் கிலோ 30 ரூபாய் என்பார். ஏஜென்ட்டுக்கு யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு. ‘மோடல்’ என்பது சராசரி அல்ல, சந்தையில் பெரும்பாலும் படிந்த விலை. அதையும் எழுத வேண்டும்.

தேதியும் அப்படியே. 05/06/2025 இங்கே ஜூன் 5, அமெரிக்காவில் மே 6.

அலகு விட்டுப்போனால் காய்கறிக் கணக்கு மட்டும்தான் கெடும் என்றில்லை. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க்கு அருகே தொலைந்தது. ஒரு மென்பொருள் பவுண்டு அளவில் தந்த கணக்கை இன்னொன்று நியூட்டன் அளவென்று எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

கே: ஏஜென்ட் பிரியாணி போடுமா?
(வாசகர், பேகம்பூர்)

ப: ஆர்டர் போடும்; தம் போடாது.

கே: இப்படிக் குறிப்பு எழுதத் தமிழில் இலக்கணம் உண்டா?
(தமிழாசிரியை, நத்தம்)

ப: பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே உண்டு! பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. தேவையான அலகை விட்டுவிடுவது குன்றக் கூறல். கேட்காத வரலாற்றை நீட்டுவது மிகைபடக் கூறல். ஒரே எண்ணை ஓரிடத்தில் ‘வாடிக்கையாளர்’, வேறிடத்தில் ‘பயனர்’ என்பது மயங்கவைத்தல். கணினிப் பக்கமும் ஒரு முன்னோடி உண்டு: 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸ் இயங்குதளக் கையேட்டில் கட்டளையின் குறைகளைச் சொல்லவே ஒரு தனிப்பகுதி இருந்தது. இந்த இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு எழுத உட்காரலாம்.

கே: தமிழ்வழியில் படித்தவள். இந்தக் குறிப்பு எழுதும் வேலைக்கு வர முடியுமா?
(மாணவி, சின்னாளப்பட்டி)

ப: தாராளமாக. ஆங்கிலம் பழகப் பழக வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு எதெது தெரியாது என்று யோசிக்கும் பொறுமைதான் இங்கே மூலதனம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு அந்தப் பொறுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் பயிற்சியை இன்றே தொடங்கலாம். ஒரு கருவிக்குக் குறிப்பு எழுதி, அந்தக் கருவியைத் தெரியாத தோழியிடம் கொடுத்துவிட்டு வாய்திறக்காமல் உட்கார வேண்டும். தோழி எங்கே தயங்கி நிமிர்கிறாளோ, அந்த வரியைத் திருத்த வேண்டும். பிறகு அதே குறிப்பை ஏஜென்ட்டிடம் கொடுத்து, எந்தக் கருவியை எடுக்கிறது, பிழை வந்தால் என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும். “பிழை 400” என்று மட்டும் வந்தால் அது திகைக்கும். “தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று தரவும்” என்று வந்தால் திருத்திக்கொண்டு தொடரும்.

கே: குறிப்பையும் ஏ.ஐ.யையே எழுதச் சொன்னால்?
(வாசகர், வேடசந்தூர்)

ப: வரைவு நன்றாகவே எழுதும். கிலோவா, குவிண்டாலா என்று ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போட்டுக் கேட்டு எழுத வேண்டியவர் வேடசந்தூர்க்காரர்.