ஒறம்பரையைக் கூப்புடறியா கண்ணு?

வா கண்ணு, உக்காரு. கட்டலு ஆடும், பாத்து. கழுத்துல என்ன அது, பைனாகுலரா? நாலு நாளா மாயாத்துக் கரையில ஆகாசத்தையே பாத்துட்டு நிக்கறியாமா. தண்ணிக்குப் போன பொம்பளைக வந்து, "உங்க பேரனுக்குக் காத்துக்கருப்பு ஏதாச்சும் அடிச்சிருச்சுங்களா?"ன்னு கேட்டாங்க. "அதெல்லாம் இல்லீங்க அம்மிணி, அவன் காலேஜுல பாறு படிக்கறான்"னேன். பாறுன்னா வெளங்கலே. பொணந்தின்னிக் கழுகுன்னதும் மூக்கைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க.

உன்ற சோலியில மொதச் சங்கடம் இதுதான். புலின்னு போர்டு வெச்சா பெங்களூருல இருந்து கார் போட்டுட்டு வருவாங்க. யானைக்குட்டி படத்தைப் போட்டா அரிசி மூட்டை கூட வித்துப் போகும். இதுக்கு மொட்டைத் தலை, சுருங்குன கழுத்து. பொண்ணு பாக்கப் போனா கதவைச் சாத்திக்குவாங்க. அதனால ஒரு சூட்சுமம் சொல்றேன், சடாயுவைப் புடிச்சுக்கோ. ராமனுக்காக றெக்கை அறுபட்டு விழுந்தவன்னா ஊரே கன்னத்துல போட்டுக்கும். அவன் என்ன தின்னு வளந்தான்னு மட்டும் யாரையும் கேக்க விட்டுறாதே.

உன்ற அப்பத்தாளை ஒருக்கா திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். உச்சிவேளைக்கு ரெண்டு மஞ்சமூஞ்சிப் பாறு வரும், குருக்கள் குடுக்கற சக்கரைப் பொங்கலைத் தின்னுட்டுப் பறந்துரும். தொண்ணூறுகளுக்கப்புறம் அதுகளும் வரதில்லே. கலி முத்திருச்சுன்னு சொல்லிக்கிட்டாங்க. பாவம் கலி, அதுமேல எத்தனை பழிதான் போடுறது.

இங்க பாத்தீன்னா, அன்னிக்கெல்லாம் மாடு செத்தா ஊர்க்கோடிக்கு இழுத்துப் போட்டுட்டு வந்துருவோம். மேல ஒண்ணு வட்டம் போடும். அது எறங்கறதைப் பாத்து இன்னொண்ணு, அதைப் பாத்து நாலு. அரைமணி நேரத்துல பந்தி முடிஞ்சு எலும்பு மட்டும் கெடக்கும். கூலி கேட்டதில்லே, எனக்கு வெச்சது பத்தலேன்னு கோவிச்சுட்டுப் போனதில்லே. நம்ம ஒறம்பரையில அப்படி ஒருத்தனைக் காட்டு பாக்கலாம். இப்ப அந்த எடத்துல நாய்க கூட்டம் போட்டு நிக்குது, ராத்திரி சைக்கிள்ல போறவனைத் தொரத்துது.

நீதான படிச்சுக் காட்டினே, 1992-க்கும் 2007-க்கும் நடுவுல வெண்முதுகுப் பாறு நாடு பூராவும் ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு கொறஞ்சு போச்சுன்னு. ஆயிரம் பேரு இருந்த ஊருல ஒருத்தன் மிஞ்சுனா அவனுக்குச் சண்டை போடக்கூட ஆளில்லே.

என்ன சீக்கோன்னு ஆளாளுக்குத் தேடிட்டு இருந்தப்ப, பாகிஸ்தான்ல லின்ட்சே ஓக்ஸ்னு ஒரு டாக்டரும் கூட்டாளிகளும் செத்ததுகளை அறுத்துப் பாத்தாங்க. 2004-ல சொல்லிப்புட்டாங்க, டைக்ளோபினாக்குன்னு. மாட்டுக்கு நோவுக்குப் போடற ஊசி. மாடு செத்தாலும் மருந்து கறிக்குள்ளயே உக்காந்திருக்கும். அதைத் தின்ன பாறுக்குக் கிட்னி போயிரும், உள்ள ஈரல் மேலயெல்லாம் சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளையாப் படிஞ்சிரும், கழுத்தைத் தொங்கப்போட்டு உக்காந்திருந்து கீழ விழும். ஒறம்பரையைப் பந்திக்குக் கூப்புட்டுச் சோத்துல வெசம் வெச்சிருக்கறோம், நமக்கே தெரியாமெ.

மொறைக்காதே. அந்த ஊசி என்ற கட்டுத்தரையிலயும் போட்டதுதான். செவலைக்கு முட்டி வீங்கிக் கெடந்துச்சு, வந்தவரு குத்துனாரு, மறுநாளு எந்திரிச்சுத் தீவனம் தின்னுச்சு. நான் மருந்தைக் கும்புடுவனா, ஆகாசத்தை எண்ணிட்டு இருப்பனா?

2006-ல மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு சர்க்காரு தடை போட்டுச்சு. நம்மாளு லேசுப்பட்டவனா? மனுசனுக்குன்னு விக்கற முப்பது மில்லி பாட்டலை வாங்கி மாட்டுக்குக் குத்துனான். கடைக்காரனும், எந்த மனுசனுக்குய்யா இத்தனை மருந்துன்னு ஒரு வார்த்தை கேக்கலே. 2015-ல மூணு மில்லிக்கு மேல அடைச்சு விக்கக் கூடாதுன்னாங்க. அதுக்குள்ள அண்ணன் தம்பிக வந்து சேந்துட்டாங்க, கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக்குன்னு. அதுகளை மாட்டுக்குப் போடறதை 2023-லதான் நிறுத்தச் சொன்னாங்க. மெலாக்சிகாம் போட்டா மாட்டுக்கும் நோவு போகும், பாறுக்கும் பழுதில்லேன்னு அதுக்கு ரொம்ப முந்தியே கண்டுபுடிச்சாச்சு. நல்ல மருந்து கைல இருக்கறப்ப கெட்டதை விரட்டவே இத்தனை வருசம். இனி அடுத்த பேரு என்னவோ, நீதான் பாத்துச் சொல்லோணும்.

அரியானாவுல பிஞ்சோர்ங்கற ஊருல கூண்டுல வெச்சுக் குஞ்சு பொரிக்க வெக்கறாங்க, 2020-ல கொஞ்சத்தை முதுகுல கருவி கட்டி வெளிய விட்டாங்கன்னு சொன்னீல்ல? நல்ல காரியம், குத்தஞ்சொல்லலே. வருசத்துக்கு ஒரே முட்டை, அந்தக் குஞ்சு குடித்தனம் பண்ண அஞ்சு வருசம். நம்ம வூட்டுக் கோழிகிட்டச் சொல்லிப் பாரு, சிரிக்கும். அப்படி அருமையா வளத்து, வூட்டுக்கதவைத் தொறந்து விட்டு, வாசல்ல எங்க செத்த மாட்டைப் போட்டு வெச்சா? அதுக்கு மாயாத்துக் கரையில நீர்மத்தி உச்சியில கூடு கட்டிட்டு இருக்கறதுகளைத் தொந்தரவு பண்ணாமெ இருந்தாலே பாதிச் சோலி முடிஞ்சிரும். தெக்க மிஞ்சுனதுல பெருங்கூட்டம் இதுதான்னு நீதான சொன்னே.

இன்னொண்ணு. காட்டுக்குப் போன மாட்டைப் புலி அடிச்சிருச்சுன்னு வெச்சுக்கோ. நட்டஈட்டுக் காகிதம் மேசை மேசையா நடக்கும், அதுக்குக் கால் வலிக்காது. மாட்டுக்காரனுக்குப் பொறுமை போயி, மிச்சக் கறியில பூச்சிமருந்தைத் தெளிச்சிருவான். வெச்சது புலிக்கு. புலி வரதுக்கு முந்தி வட்டம் போட்டு எறங்கறது யாரு? பாறைக் காப்பாத்தோணும்னா நீ மரத்தடியில நிக்காதே, அந்த மேசைகிட்டப் போயி நில்லு. கூட்டம் போட்டுப் படம் காட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம். எங்காளுகளுக்கு இருட்டுல உக்காந்தாத் தூக்கம் வந்துரும். மருந்துக்கடைக்காரன்கிட்ட டீ குடிச்சுட்டுப் பேசு, காசு நீ குடு.

ஆமா, எந்திரி. கட்டுத்தரையில செவலையோட பேத்தி ரெண்டு நாளா முட்டியை மடக்கிப் படுத்துக் கெடக்குது. நேத்து ஒரு பாட்டலு வாங்கியாந்து மாடத்துல வெச்சிருக்கறேன், சாயங்காலம் ஊசி போட ஆளு வருது. அதுல எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது, என்ற கண்ணுக்கு ஒண்ணும் தெரியலே. அந்தப் பைனாகுலரை வெச்சாச்சும் என்ன பேருன்னு பாத்துச் சொல்லு, போ.