ஆண்டிறுதி நன்றியும் அதன் கொள்ளளவும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

டிசம்பர் 31 இரவு ஒன்பது மணிக்கு மேல் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் நன்றியுணர்ச்சி கரைபுரள்கிறது. அன்று காலை வரை அதற்கான அறிகுறி எதுவும் தென்படுவதில்லை. இதன் காரணம் காண எழுந்ததே இக்கட்டுரை.

முன்னோடிகளை முதலில் நோக்குவோம். செய்ந்நன்றி அறிதலுக்கு 11ஆம் அதிகாரத்தை ஒதுக்கிய வள்ளுவர், எந்தத் தேதியில் அறிய வேண்டும் என்று சொல்லாமல் விட்டது பெருங்குறை. 2003இல் அமெரிக்க உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நன்றிக்குரியவை ஐந்து வரை வாரந்தோறும் எழுதிய மாணவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிட நிறைவாக உணர்ந்தார்களாம். 2019இல் வாட்ஸ்அப் நிறுவனம், வதந்தியைத் தடுக்க என்று சொல்லி, ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி உலகம் முழுக்க ஆக்கியது. அங்கும் ஐந்து, இங்கும் ஐந்து! மனித மனத்தில் நன்றியின் கொள்ளளவு ஐந்தே என்பதற்கு இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? 2020இல், பலமுறை சுற்றிய செய்தி ஒரு நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் என்று மேலும் இறுக்கினார்கள். ஆக, ஊரறிந்த நன்றியே ஊர்ந்து போகிறது.

இனி, நன்றிச் செய்தியின் வகைகளில் விளக்குப் படம், பூங்கொத்து ஆகியவற்றை ஒதுக்கிவிடலாம். கவனத்துக்குரியது மன்னிப்பு கலந்த வகை: 'தெரிந்தோ தெரியாமலோ யார் மனதையாவது நோகடித்திருந்தால்...' இதை அனுப்புபவர், ஆண்டு முழுவதும் குழுவில் வாயே திறக்காத சித்தப்பா. பாகப்பிரிவினையில் நிஜமாகவே நோகடித்த பெரியப்பா ஒரு ரோஜாப்பூவோடு நிறுத்திக்கொள்கிறார்.

அடுத்தது, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் முறை. ஒரு பட்டியலில் 256 பேரை அடைக்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கே செய்தி போய்ச் சேரும். கொட்டும் மழையில் நின்றுபோன வண்டியைத் தள்ளிவிட்டவருக்கும், நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆட்டோக்காரருக்கும் இந்த நன்றி போகவே போகாது.

கைமாற்றுக் கொடுத்தவர் நிலை வேறு. நம் எண் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. அதனாலேயே அவரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கள ஆய்வின் பொருட்டு ஒருவரைச் சேர்த்துப் பார்த்தோம். நீல டிக் விழுந்த மறுநொடி போன் அடித்தது. எடுக்கவில்லை, ஆய்வாளர் நடுநிலை தவறலாமா?