சார்ஜ் அண்ணன்

மலாக்காவின் டுரியான் துங்கால் வட்டாரத்தில் சார்ஜ் அண்ணனைத் தேடி அலைய வேண்டியதில்லை. தாமானுக்கு ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்கும். பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். இவருடைய அப்பா தோட்டத்தில் சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் வாளியைக் கட்டி ஸ்டோருக்குத் தள்ளிக்கொண்டு போனவர். மகன் பதினைந்தாயிரம் வெள்ளிக்கு மின்சைக்கிள் வாங்கியிருக்கிறார். அதில் வாளி மாட்ட இடமில்லை. தண்ணீர் பாட்டில் மாட்டலாம், அந்தப் பாட்டிலுக்குத் தனி விலை.

இது அவருடைய முதல் வண்டியும் அல்ல. வீட்டுப் பின்கட்டில் நடைப்பயிற்சி எந்திரம் ஒன்று நிற்கிறது. அதன் மேல் இப்போது துணி காய்கிறது. பக்கத்தில் நின்றபடியே ஓட்டும் மின் ஸ்கூட்டர். அந்த மாதிரி வண்டிகளைச் சாலையில் ஓட்டக்கூடாது என்று 2022இல் போக்குவரத்து அமைச்சு அறிவித்ததிலிருந்து அதுவும் பணி ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் சைக்கிள் வந்தது. “இது சட்டத்துக்கு உட்பட்டது, மிதிச்சாத்தான் ஓடும்” என்பார், அதுவே ஒரு பெருமை போல.

காலையில் பசியாற ஒட்டுக்கடைக்கு வருவார். காற்றாடிக்குக் கீழே உட்கார மாட்டார். சைக்கிள் கண்ணில் படும் நாற்காலிதான் வேண்டும். மேசை மேல் முதலில் கைப்பேசி, அப்புறம் தலைக்கவசம், அப்புறம் கையுறை. இந்தக் கடை பரப்பல் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்து “தே ஓ கோசோங்” என்பார். யாராவது சைக்கிள் பக்கம் போனால் போதும், அது கீக்கீ என்று அலறும். பூனை போனாலும் அலறும். அலறியதும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

விலையை மட்டும் நேராகச் சொல்ல மாட்டார். கூட்டாளிகளிடம், “யூரோல பாத்தா ஒண்ணும் பெரிசில்ல.” சம்பந்தி வீட்டாரிடம், “பதினஞ்சாயிரம், வரி தனி.” அண்ணியிடம், “ஆஃபர்ல போட்டான், ஏழாயிரத்துச் சொச்சம்.” மூன்று விலைக்கும் சைக்கிள் ஒன்றுதான்.

விளக்கம் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“சாதாரண ஆள் சுமாரா மிதிச்சா நூறு வாட் வரும். இந்த மோட்டார் இருநூத்தைம்பது வாட். ஆக, நான் மிதிச்சா மூணரை ஆள் மிதிக்கிற கணக்கு.”

“அப்ப மத்த ரெண்டரை ஆளுக்கு யாருண்ணே தே வாங்கிக் குடுக்கிறது?” என்றார் கடைக்காரர்.

அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிதிகட்டையில் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று உள்ளே ஒரு உணரி பார்த்துக்கொண்டே இருக்குமாம்; அழுத்தத்துக்குத் தகுந்தபடி மோட்டார் தோள் கொடுக்குமாம். இது உண்மைதான். மலிவு வண்டியில் மிதித்ததும் யாரோ முதுகில் தள்ளிவிட்ட மாதிரி குபீரென்று பாயும்; நல்ல வண்டியில் நமக்கே கால் பலம் கூடிவிட்டது போல இருக்கும். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் கையைக் கட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் போட்ட விதி. அதை அவர் விளக்கிக்கொண்டே ஓட்டியபோது, கீரைக்கட்டையும் பேரனையும் பின்னால் ஏற்றிய பாட்டி ஒருத்தி பழைய கப்சாயில் அவரைத் தாண்டிப் போனாள். பாட்டிக்கு ஐரோப்பிய விதி தெரியாது.

கணக்குக்கு ஒரு ஆள் இருக்கிறார், பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். நாலு நம்பர் சீட்டின் பின்பக்கம்தான் அவருக்குக் கரும்பலகை.

“ஒரு தடவை சார்ஜ் போட எவ்வளவு?”

“அரை யூனிட் கரண்டு சார். இருபத்தஞ்சு காசு. அறுபது கிலோமீட்டர் போகும்!”

“ஹோண்டா இஎக்ஸ் ஃபைவ் அதே தூரத்துக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடக் குடிக்கும். நம்ம மைகார்டுக்கு லிட்டர் ஒரு வெள்ளி தொண்ணூத்தொம்பது காசு. ரெண்டு வெள்ளின்னு வையி. மிச்சம் ஒண்ணே முக்கால் வெள்ளி. இஎக்ஸ் ஃபைவை விட நீ பத்தாயிரம் கூடக் குடுத்திருக்கே. அதை எடுக்க அஞ்சாயிரத்து எழுநூறு தடவை சார்ஜ் போடணும். மூணு லட்சத்து நாப்பதாயிரம் கிலோமீட்டர். பூமியை எட்டு தடவை சுத்தணும்.”

“சுத்திட்டாப் போச்சு!”

“சுத்தலாம். பேட்டரி சுத்துமா? ஐநூறிலிருந்து ஆயிரம் சார்ஜுக்குள்ள அதுக்கு வயசாயிரும். அஞ்சு பேட்டரிக்காவது காசு எடுத்து வெச்சுட்டுக் கெளம்பு.”

அண்ணன் கடைசி அம்பை எடுத்தார். “ரோட் டேக்ஸ் கெடையாது சார்!”

“இஎக்ஸ் ஃபைவுக்கு வருசத்துக்கு ரெண்டு வெள்ளிப்பா.”

பணக் கணக்கில் தோற்றாலும் அவர் அசரவில்லை. ஒரு நாள் சைக்கிளே அசையவில்லை. திரையில் ஏதோ ஓர் எண் சிவப்பாக மின்னியது. மோட்டார் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார், இருபத்திரண்டு கிலோவை. அந்தச் சீன மெக்கானிக் ஒரு திருப்புளியும் கொஞ்சம் கம்பியும் கொடுத்தால் செத்த கப்சாயை எழுப்பி உட்கார வைப்பவர். சைக்கிளைச் சுற்றி இரண்டு முறை வந்தார். ஒயரெல்லாம் குழாய்க்குள் ஓடுகிறது. ஸ்பேனர் வைக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே திருகுக்கு ஊரில் இல்லாத முனை. இது சைக்கிளா டெலிபோனா என்று மலாயில் கேட்டுவிட்டு, “தா போலே லா” என்று கை கழுவப் போனார். கடைசியில் கைப்பேசிச் செயலியைப் புதுப்பித்ததும் சைக்கிள் தானாக எழுந்துகொண்டது. அண்ணனுக்கு வெற்றிப் புன்னகை. மெக்கானிக் முகத்தில்தான் ஈயாடவில்லை.

அந்தப் புன்னகைக்கு ஆயுள் கம்மி. யூடெம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவன் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே வான்மூஃப் கதையை எடுத்துவிட்டான். நெதர்லாந்தில் டாக்கோ, டீஸ் கார்லியர் என்ற அண்ணன் தம்பி இருவர் 2009இல் தொடங்கிய கம்பெனி. பார்க்க அவ்வளவு அழகான மின்சைக்கிள். 2020இல் வந்த எஸ்3 மாடல் 1,998 யூரோ. பாட்டா செருப்புக்கு விலை வைப்பது போல இரண்டு யூரோ குறைத்து வைத்திருந்தார்கள். களவு போனால் தேடிப் பிடிக்கக் கம்பெனியிலேயே ஆள் வைத்திருந்தார்கள்.

“அப்புறம்?” என்றார் அண்ணன், தன் கம்பெனியைப் பாராட்டுவது போல முகம் மலர்ந்து.

“2023 ஜூலையில திவாலாயிருச்சு அங்கிள். சைக்கிள் பூட்டோட சாவி கைப்பேசிச் செயலியில. செயலி பேசுறது கம்பெனி சர்வரோட. சர்வர நிறுத்திட்டா சைக்கிள் இருக்கும், சாவி இருக்காது. ஜனங்க பதறிட்டாங்க. பெல்ஜியத்துல கவ்பாய்னு போட்டிக் கம்பெனி. அவங்கதான் பாவம் பாத்து, சாவிய முன்கூட்டியே எடுத்து வெச்சுக்க ‘பைக்கீ’ன்னு ஒரு செயலி பண்ணிக் குடுத்தாங்க. ஆகஸ்டு கடைசியில மெக்லாரன் அப்ளைடோட லவாய் கம்பெனி வந்து வான்மூஃப வாங்கிக்கிச்சு.”

அண்ணன் தே ஓ கோசோங்கைக் குடிக்கவில்லை. அன்று ராத்திரி சிங்கப்பூர் மகனுக்குப் போன் போட்டு, சாவியைக் காகிதத்தில் அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அதற்காக விலை முழுக்க வீண் என்று சொல்லிவிட முடியாது. நல்ல பிரேக்குக்கும் நல்ல பேட்டரிக்கும் கொடுத்த காசு ஆடம்பரம் இல்லை. நியூயார்க் நகரில் 2023இல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் உயிரிழந்தார்கள். தரச் சான்று இல்லாத மின்சைக்கிளை விற்கக்கூடாது என்று அந்த நகரம் சட்டமே போட்டது. ராத்திரி வரவேற்பறையில் சார்ஜ் ஏறும் சாமானில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆனால் திரை, அலறல், ஆளைப் பார்த்துத் தானே திறக்கும் பூட்டு, இவற்றுக்குக் கொடுத்தது வண்டிக்கான காசு இல்லை, வாய்க்கான காசு. வாங்க நினைப்பவர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: கைப்பேசி இல்லாமல் ஓடுமா? பேட்டரி தனியாகக் கிடைக்குமா? நம்மூர் மெக்கானிக் கை வைக்க முடியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்று வந்தால், அண்ணன் கொடுத்ததில் பாதிக்கும் குறைவாகவே நல்ல வண்டி கிடைக்கும்.

ஆசிரியரின் கணக்கிலும் ஒரு பிசகு உண்டு. அவர் சைக்கிளை இஎக்ஸ் ஃபைவோடு ஒப்பிட்டார். அண்ணன் விட்டுவிட்டு வந்தது மோட்டார் இல்லை, சோபா. நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2023 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. அந்த ஆறாவது ஆள் எங்கள் மேசையில் எப்போதும் இருப்பார். அண்ணன் இப்போது தினமும் அணைக்கட்டு மேடு வரை போய் வருகிறார். 1991இல் வற்றிப்போய் மலாக்காவையே வாளி தூக்க வைத்த அதே அணை. மோட்டார் தோள் கொடுத்தாலும் மிதிப்பது அவர் கால்தானே. சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்களாம். செயலியின் கைங்கரியம் என்கிறார் அவர். சைக்கிள் ஒன்றும் சொல்லவில்லை. பூனை வந்தால்தான் பேசும்.

விலைக்குத் தகுமா என்று அவரையே கேட்டால் ஒரு மணி நேரம் ஆகும். நான் அண்ணியைக் கேட்டேன்.

“ஏழாயிரம்னு என்கிட்ட சொல்லியிருக்காரு. பெட்டி வந்தன்னிக்கு அதுல ஒட்டியிருந்த பில்லப் பிரிச்சுப் பாத்ததே நான்தான். பதினஞ்சாயிரம்.” துணி காயும் எந்திரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறினார். “ரிட்டையர் ஆனதிலேர்ந்து சமையக்கட்டுல நின்னுக்கிட்டு, உப்பு ஏன் இவ்வளவு, கேஸ் ஏன் எரியுதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. இப்ப ஏழு மணிக்குக் கெளம்பினா பத்து மணிக்குத்தான் வர்றாரு. பதினஞ்சாயிரம் குறைச்சல்தான் தம்பி. ரெண்டாவது பேட்டரி இருந்தா மத்தியானமும் போவாராமே, அது என்ன விலை?”