அண்ணாச்சிக்கு ஒண்ணுமில்லை

எங்கள் மல்லாங்கிணறு பக்கத்து ஆம்பளைகளுக்கு நோய் வருவதில்லை. டெஸ்ட் எடுத்தால்தான் வருகிறது. அதனால் அவர்கள் டெஸ்ட் எடுப்பதில்லை. "எடுத்தாத்தான சுகர்? எடுக்காதவரைக்கும் சுகமாத்தான இருக்கோம்?" என்று கேட்கும் அண்ணாச்சிக்கு எந்த டாக்டராலும் பதில் சொல்ல முடியாது.

இந்த அண்ணாச்சியை விருதுநகரின் எந்தப் பருப்பு மண்டியிலும், சிவகாசியின் எந்த அச்சாபீசிலும் பார்க்கலாம். காலையில் பஸ் ஏறினால் ராத்திரிதான் வீடு. நடுவில் நாலைந்து டீ, டீயோடு கணக்கில் வராத வடை. ராத்திரி எண்ணெய் பரோட்டா. மற்ற ஊர்களில் பரோட்டாவைக் கல்லில் போட்டு எண்ணெய் விடுவார்கள். விருதுநகரில் எண்ணெயில் போட்டுவிட்டுப் பரோட்டாவைத் தேடுவார்கள். மொறுமொறுவென்று எடுத்து, இலையில் நொறுக்கிப் போட்டு, சால்னாவில் முங்கவிட்டு நாலு சாப்பிட்டவர், "ராத்திரிக்கு லேசா முடிச்சுக்கிட்டேன்" என்று வீட்டில் சொல்வார். போதாக்குறைக்கு, தெற்கே சாத்தூர் காராச்சேவு, மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் யாரும் சாத்தூர் வழியாக வந்ததில்லை போலிருக்கிறது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். அப்படி வரும் சுகாதாரப் பணியாளர் அம்மா மிஷினோடு வாசலுக்கு வந்ததும், அன்றைக்குப் பார்த்து வீட்டில் இருக்கும் அண்ணாச்சி மரியாதையாக நாற்காலி எடுத்துப் போடுவார்.

"இவளுக்குப் பாருங்கம்மா, தலை சுத்துதுங்கிறா."

"உங்களுக்கும் பாத்துருவோம் அண்ணாச்சி."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. இப்பத்தான் காப்பி குடிச்சேன், தப்பாக் காட்டும்."

சொல்லும்போதே சட்டையை மாட்டிக்கொண்டு முக்குக்கடைக்குக் கிளம்பிவிடுவார். அன்றைய நடைப்பயிற்சி அதோடு முடிந்தது.

நிஜமாகவே நடப்பவர்களும் உண்டு. விடியற்காலையில் கண்மாய்க்கரையில் கூட்டமாகப் போவார்கள். நிலத்து விலையைப் பற்றிப் பேச்சு சூடானதும் நின்றுவிடுவார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுவென்று நடக்க வேண்டும் என்பது கணக்கு. நின்ற நேரம் அதில் சேராது. நடந்த அலுப்புக்குச் சாப்பிட்ட வடை மட்டும் தவறாமல் சேரும்.

சிலர் சிறுதானியத்துக்கு மாறிவிட்டார்கள். இந்தக் கரிசல் காட்டில் விளைந்த கம்பையும் குதிரைவாலியையும் 'அது ஏழை தின்கிறது' என்று தள்ளி வைத்தவர்கள், இன்று பாக்கெட்டில் அடைத்து வந்ததும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் குதிரைவாலிச் சோறு என்பதற்காகக் கும்பா நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

இதே அண்ணாச்சி பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தால் ஆளே வேறு. வெடிமருந்து அறைக்குள் போகிறவர் முதலில் செம்புத் தகட்டில் கையை வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கவேண்டும். நைலான் சட்டை ஆகாது, பருத்திதான். இரும்புச் சாமான் ஆகாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்தால் சத்தம் போடுவார். "இத்தன வருசமா ஒண்ணும் ஆகலையே அண்ணாச்சி" என்று எவனாவது சொன்னால், "ஆன பிறகு சொல்றதுக்கு நீ இருக்கமாட்டடா" என்பார். விதியை மீறிய இடங்களில் என்ன நடந்தது என்று இந்த மாவட்டத்துக்குச் சொல்லத் தேவையில்லை.

பிரஷருக்கும் சுகருக்கும் ஆலையில் அண்ணாச்சி சொன்ன அதே பதில்தான். ஒண்ணும் தெரியாமலேயே பல வருசம் உள்ளே இருந்து, ஒருநாள் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வெளியே வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில். பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்தக்கொதிப்பு. அதில் ஒருவர் நம் மண்டியில் இல்லாமலா இருப்பார்?

ஆகவே முப்பது வயது தாண்டியவர்கள் வருசத்துக்கு ஒருமுறையாவது மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் 140/90ஐத் தொட்டால் டாக்டரிடம் போகவேண்டும். வெறும் வயிற்றில் சுகர் 100க்குக் கீழே இருப்பது நல்லது. 126ஐத் தொட்டால் மறுபடி பார்த்து உறுதி செய்யவேண்டும். ஆம்பளைகளுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. வேட்டி கட்டுகிறவர்கள் இதில் ஏமாந்துவிடுவார்கள். எவ்வளவு தொப்பை வைத்தாலும் வேட்டி இறுக்கிப் பிடிப்பதில்லை. இன்ச் டேப்பைத்தான் நம்பவேண்டும். பீடி, சிகரெட்டை விடச் சொல்லி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அட்டையிலேயே படம் போட்டிருக்கிறார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சுகரும் காசில்லாமல் பார்க்கிறார்கள். சிவகாசிக் காலண்டரைக் கிழித்து நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ராகு காலத்தில் போனாலும் ரிசல்ட் மாறாது.